கீழ்த்தளத்துக்கு இருபத்தாறு நிமிடம்

ஜனவரி 9

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நான் நலம். நீ நலமில்லை என்று தெரியும், இருந்தாலும் முறைக்குக் கேட்கிறேன்: கால் எப்படி இருக்கிறது? ஏணியிலிருந்து விழுந்து எலும்பு முறிந்தது என்று உன் மனைவி சொன்னபோது பதறிப்போனேன். அந்த ஏணிக்கு மொத்தமே மூன்று படிதான் என்று உன் மகள் சின்னது சொன்ன பிறகு சிரிப்பை அடக்க முடியவில்லை. மன்னித்துவிடு.

காலை நீட்டிக்கொண்டு சும்மா உட்கார்ந்து வீட்டில் இருப்பவர்களின் உயிரை வாங்காதே. உனக்கு ஒரு வேலை அனுப்பியிருக்கிறேன். உன் மனைவியிடம் அனுமதி வாங்கிவிட்டேன். "எதையாவது குடுங்க, புண்ணியமா போகும்" என்றாள்.

இருபத்து நான்கு வருடம் அடுத்தவர் கல்யாண வீடியோவை வெட்டி ஒட்டிய பிறகு இப்போதுதான் எனக்கென்று ஒரு படம் கிடைத்திருக்கிறது. ஒரு மணி நேர ஆவணப்படம். மூன்று பேர் கொண்ட இசைக்குழு ஒன்று தன் முதல் ஆல்பத்தைப் பதிவு செய்கிறது, நான் கூடவே இருந்து படம் பிடிக்கிறேன். தொலைக்காட்சி நிலையம் ஒன்று ஒப்புக்கொண்டிருக்கிறது. குழுவின் பெயர் மண்பாரம். இசையின் பெயர் டூம் மெட்டல். கிதார் கம்பியை வழக்கத்தைவிடத் தளர்த்தி, மெதுவாக வாசிப்பார்கள். மெதுவாக என்றால், நீ காலையில் படுக்கையை விட்டு எழுந்திருப்பதைவிட மெதுவாக. ஒரு தடவை கம்பியைத் தட்டினால் ஒலி தரை வழியாக வந்து முழங்காலில் ஏறும். பாட்டெல்லாம் சாவு, இருட்டு, உலக அழிவு.

பேட்டிகளை எழுத்தில் வைத்துக்கொள்ளாமல் என்னால் படத்தொகுப்பு செய்ய முடியாது. சாட்சி தும்மினால்கூட விடாமல் எழுதுகிற நீதிமன்றச் சுருக்கெழுத்தர் நீ வீட்டிலேயே இருக்கும்போது நான் ஏன் வேறு ஆளைத் தேட வேண்டும்? மெமரி கார்டுகள் மூன்று இத்துடன் வைத்திருக்கிறேன். ஒரு வார்த்தை விடாமல் தட்டச்சு செய்து அனுப்பு.

பதிவு நடப்பது மூடிப்போன பழைய குளிர்பதனக் கிடங்கில். சுவர் ஒரு முழம் தடிமன். போன் எடுக்காது. அதனால்தான் கடிதம்.

காலை ஆட்டாதே. சின்னதுக்கு அத்தையின் முத்தம்.

உன் அக்கா

ஜனவரி 21

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் சௌக்கியம், கால் நீங்கலாக. மாவுக்கட்டுக்குள் அரிக்கிறது. ஸ்கேல் விட்டுச் சொறிந்தேன், ஸ்கேல் உள்ளே போய்விட்டது. அதை எடுத்த கதையை நேரில் சொல்கிறேன். உன் உடம்பு எப்படி? அந்தக் கிடங்கின் குளிரில் இருமல் பிடிக்காமல் பார்த்துக்கொள்.

கார்டுகள் வந்தன. முதல் கார்டைப் போட்டதும் என் மனைவி ஓடிவந்து தண்ணீர் மோட்டாரை நிறுத்தினாள். சத்தம் நிற்கவில்லை என்றதும் பக்கத்து வீட்டு மோட்டாரை நிறுத்தச் சொல்லப் போனாள். நான் வாயைத் திறக்கவில்லை. கட்டிலோடு கிடப்பவனுக்கு வேறு என்ன பொழுதுபோக்கு?

பாட்டில் சொற்கள் விளங்கவில்லை. நீதிமன்ற வழக்கப்படி "பாடகி உறுமுகிறார்" என்று அடைப்புக்குறிக்குள் போட்டேன். பதினொரு பக்கத்தில் அது நாற்பத்தாறு இடத்தில் வருகிறது. தயவுசெய்து பாட்டு வரிகளை அனுப்பு. அந்த அம்மாள் பல் டாக்டர் என்று பேட்டியில் சொல்கிறாரே, நிஜமா? "வாயைத் திறங்க, வலிக்காது" என்று அவர் சொல்லும் குரலும் இந்த உறுமலும் ஒரே தொண்டையிலிருந்து வருகின்றன என்று ஜாமீன் கையெழுத்துப் போட்டாலும் நம்ப மாட்டேன்.

மௌனங்களையும் விநாடிக் கணக்கில் போட்டிருக்கிறேன். டிரம்ஸ் அடிக்கிற நீச்சல் டீச்சர் ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவில் வாழைப்பழம் உரிப்பதாகச் சொல்வது வேடிக்கை என்று நினைத்தேன். ஒலியைக் கேட்டால் நிஜமாகவே உரிக்கிறார்.

ஒரு சந்தேகம். உலக அழிவைப் பாடுகிறவர்கள் ஏன் இவ்வளவு சந்தோஷமாக இருக்கிறார்கள்? மூன்று கார்டில் "ரொம்ப நன்றிங்க" அறுபது தடவை வருகிறது.

உன் தம்பி

பிப்ரவரி 5

அன்புத் தம்பிக்கு,

நலம். இருமல் இல்லை. டாக்டரின் கணவர் எனக்கு ஒரு கம்பளிக் குல்லா கொடுத்திருக்கிறார். அவர்தான் ஒலிப்பதிவு. கிடங்கின் பழைய எடை மேடைமேல் கருவிகளை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு தடவை பதிவு முடிந்ததும் "நல்லா இருந்துச்சு, இன்னொரு தடவை" என்பார். அந்த ஒரு வாக்கியத்தைத் தவிர அவர் பேசி நான் பார்த்ததில்லை. ஸ்கேல் கதையை உன் மனைவி எனக்கு ஏற்கெனவே எழுதிவிட்டாள்.

பல் டாக்டர் நிஜம்தான். பாடுவதும் பாஸ் கிதார் வாசிப்பதும் அவர். உறுமலுக்குத் தொண்டையைக் கெடுத்துக்கொள்ளக் கூடாதாம், மூச்சு அடிவயிற்றிலிருந்து வர வேண்டுமாம். எனக்கும் சொல்லிக்கொடுத்தார். நான் உறுமியதில் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

கிதார் வாசிக்கிறவர் லிஃப்ட் மெக்கானிக். ஆறடிக்கு மேல் உயரம், கிடங்குக் கதவில் குனிந்துதான் வருவார். பேசக் கூச்சப்படுவார். பாட்டு வரிகளை எழுதுவதும் அவர்தான், அதனால் எல்லாப் பாட்டிலும் யாராவது எங்கேயாவது இறங்கிக்கொண்டே இருப்பார்கள். கடைசிப் பாட்டின் பெயர் "கீழ்த்தளம்." லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்ட ஒருவன் கீழே போகிறான், போகிறான், போய்க்கொண்டே இருக்கிறான். இருபத்திரண்டு நிமிடம். அதுதான் சரியாக வரமாட்டேன் என்கிறது. பதினாறு தடவை வாசித்தாகிவிட்டது.

இன்னொன்று. நிலையத்தின் நிகழ்ச்சி அதிகாரிக்கு இதுவரை எடுத்ததில் இருபது நிமிடம் போட்டுக் காட்டினேன். பார்த்துவிட்டுப் பேனாவை மூடினார்.

"எல்லாரும் நல்லவங்களா இருக்காங்களேம்மா."

"ஆமாங்க."

"நல்லவங்களை ஒரு மணி நேரம் யாரு பார்ப்பாங்க? ஒரு சண்டை, ஒரு அழுகை, எதாவது வேணாமா? மார்ச் கடைசிக்குள்ள எதுவும் இல்லைன்னா நான் வேற படத்தைப் போட வேண்டியிருக்கும்."

எனக்கு ஐம்பத்திரண்டு வயது. இன்னொரு தடவை இந்த வாய்ப்பு வராது. சரி, அதை விடு. நான்கு முதல் பதினாறு வரை கார்டுகள் இத்துடன். காலைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா

பிப்ரவரி 16

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா? குல்லாவோடு ஒரு போட்டோ அனுப்பு. ஊன்றுகோல் கொடுத்துவிட்டார்கள். கூடத்திலிருந்து வாசல்வரை நடக்கிறேன். சின்னது பின்னாலேயே வந்து, நான் ஒரு அடி வைக்கும்போதெல்லாம் தட்டில் கரண்டியால் ஒரு தட்டு தட்டுகிறாள். இரண்டு பேரும் சேர்ந்தால் நாங்களும் டூம் மெட்டல்தான்.

ஒன்று ஒப்புக்கொள்கிறேன்: எனக்கு இந்தச் சனியன் பிடித்துவிட்டது. தட்டச்சு வேலை முடிந்த பிறகும் "கீழ்த்தளம்" பாட்டைப் போட்டுக் கேட்கிறேன். அவசரமில்லாத பாட்டு. என் வேலையில் வக்கீல்கள் பேசும் வேகத்துக்கு விரல் ஒடிந்துபோகும். இங்கே ஒரு சுரம் முடிவதற்குள் நான் ஒரு வாய் தண்ணீர் குடித்துவிடலாம்.

பதினான்காம் கார்டில் ஒரு இடம். டாக்டர் உன்னிடம் தனியாகப் பேசுகிறார். லிஃப்ட்காரர் கடைசிப் பாட்டில் அவசரப்படுகிறார், அந்த ஒரு பாட்டுக்கு மட்டும் வேறு யாரையாவது வாசிக்க வைக்கலாமா என்று சில சமயம் தோன்றுகிறது என்கிறார். உடனே, "ஐயோ, இதை யாருகிட்டயும் சொல்லிடாதீங்க, களைப்புல வாய்தவறி வந்துருச்சு" என்கிறார். நீ "சேச்சே, சொல்வேனா?" என்கிறாய். அந்த இடத்துக்குப் பக்கத்தில் "பயன்படுத்த வேண்டாம்" என்று சிவப்பு மையில் குறித்திருக்கிறேன். கவனக்குறைவாகப் படத்தில் போய்விடப் போகிறது.

அதிகாரி கிடக்கிறார். நல்லவர்களைப் பார்க்க இங்கே மூன்று பேர் இருக்கிறோம்.

உன் தம்பி

மார்ச் 4

அன்புத் தம்பிக்கு,

நலம். அவசரமாக எழுதுகிறேன்.

இங்கே எல்லாம் தலைகீழாகிவிட்டது. போன வியாழக்கிழமை ஒரு பதிவுக்கு நடுவில் லிஃப்ட்காரர் வாசிப்பதை நிறுத்திவிட்டு, டாக்டரைப் பார்த்து, "எனக்குப் பதிலா யாரை வெச்சிருக்கீங்க?" என்று கேட்டார். டாக்டருக்கு முகம் வெளுத்துவிட்டது. "யாரு சொன்னா?" என்றார். லிஃப்ட்காரர் கிதாரைப் பெட்டியில் வைத்து மூடினார். எட்டு வருடமாக ஒரு வார்த்தை கடிந்து பேசாதவர்கள். நீச்சல் டீச்சர் அழுதுவிட்டார். லிஃப்ட்காரர் போனவர் போனவர்தான், திரும்பி வரவில்லை. திடீரென்று அவருக்கு என்ன ஆனதென்று யாருக்கும் புரியவில்லை.

எல்லாம் கேமராவில் இருக்கிறது. கை நடுங்காமல் எடுத்திருக்கிறேன். அதிகாரி பார்த்துவிட்டு எழுந்து நின்று கைகொடுத்தார். ஜூலையில் ஒளிபரப்பு உறுதி.

பதினேழு முதல் இருபது வரை கார்டுகள் இத்துடன். அவசரமில்லை.

உன் அக்கா

மார்ச் 15

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே அனைவரும் நலம். உன் நலம் அறிய ஆவல். கால் பரவாயில்லை. அடுத்த வாரம் கட்டுப் பிரிப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். சின்னது பள்ளியில் ஓட்டப் பந்தயத்தில் மூன்றாவதாக வந்தாள். ஓடியது நான்கு பேர். என் மனைவி உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள். இங்கே வெயில் தொடங்கிவிட்டது.

நான்கு கார்டும் முடிந்தன. பதினெட்டாம் கார்டில் கேமரா ஓடாத நேரத்திலும் லிஃப்ட்காரர் சட்டையில் குத்தியிருந்த மைக் ஓடியிருக்கிறது. ஒரு வார்த்தை விடாமல் அடிக்கச் சொல்லியிருந்தாய், அதனால் விடவில்லை. முப்பத்து மூன்றாம் பக்கம் மட்டும் மேலாக வைத்திருக்கிறேன்.

உன் தம்பி

(இணைப்பு: கார்டு 18, பக்கம் 33)

இயக்குநர்: கேமரா ஓடலைங்க. சும்மா பேசலாம்.
லிஃப்ட்காரர்: சரிங்க.
இயக்குநர்: டாக்டர் உங்களைப் பத்தி என்ன நினைக்கிறாங்கன்னு தெரியுமா?
லிஃப்ட்காரர்: தெரியலையே. ஏங்க, எதாவது சொன்னாங்களா?
(ஐந்து விநாடி மௌனம்)
இயக்குநர்: கடைசிப் பாட்டுக்கு வேற ஆளை வெச்சு வாசிக்கப் போறாங்க.
(பதினொரு விநாடி மௌனம்)
லிஃப்ட்காரர்: அவங்க வாயால சொன்னாங்களா?
இயக்குநர்: நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க. நாளைக்கு எல்லாரும் இருக்கும்போது நீங்களே கேட்டுடுங்க. மனசுல வெச்சுக்காதீங்க.
லிஃப்ட்காரர்: சரிங்க. ரொம்ப நன்றிங்க.

ஏப்ரல் 11

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா? நாலு வாரமாகக் கடிதம் இல்லை. பொட்டலம் வந்து சேர்ந்ததா என்று தபால் நிலையத்தில் கேட்டேன். சேர்ந்தது, நீயே கையெழுத்துப் போட்டு வாங்கியிருக்கிறாய் என்றார்கள். கையெழுத்தையும் காட்டினார்கள். உன் கையெழுத்துதான்.

மாவுக்கட்டைப் பிரித்தாகிவிட்டது. உள்ளே இருந்த கால் என் கால் மாதிரியே இல்லை. யாரோ ஒரு ஒல்லி மனிதரின் காலை மாற்றி வைத்துவிட்டார்கள். வேலைக்குத் திரும்பிவிட்டேன். முதல் நாளே ஒரு சாட்சி நான்கு மணி நேரம் பேசினார். வீட்டுக்கு வந்து உன் ஆட்களின் பாட்டைப் போட்டுக்கொண்டு தரையில் படுத்துவிட்டேன்.

கார்டு ஒன்றும் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. இரண்டு வரி எழுது. திட்டி எழுதினாலும் சரி.

உன் தம்பி

ஏப்ரல் 29

அன்புத் தம்பிக்கு,

உடம்புக்கு ஒன்றும் இல்லை. சாப்பிடுகிறேன், தூங்குகிறேன். உன் புதுக் கால் பழகிவிட்டதா?

உன்னைத் திட்டித்தான் முதலில் எழுதினேன். மூன்று பக்கம். நீ என்ன நீதிபதியா, வேலை கொடுத்தால் செய்துவிட்டுப் போக வேண்டியதுதானே என்றெல்லாம். பிறகுதான் கவனித்தேன், நீ உன் கடிதத்தில் என்னை ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. கிழித்துப் போட்டேன்.

அந்தப் பக்கத்தில் என்னை அடித்துப் போட்டது நான் பேசியது இல்லை. "ரொம்ப நன்றிங்க" என்று அவர் சொன்னதுதான். நான் அவர் வயிற்றில் கத்தியைச் செருகியிருக்கிறேன், அவர் எனக்கு நன்றி சொல்லியிருக்கிறார். டாக்டர் சொன்னது "சில சமயம் தோன்றுகிறது." நான் சொன்னது "வாசிக்கப் போறாங்க." ஒரு வினைச்சொல்லைத் திருப்பிவிட்டேன், அவ்வளவுதான்.

சித்திரை வெயில் மண்டையைப் பிளக்கும் ஒரு பகலில் அவர் வேலை செய்யும் இடத்தைத் தேடிப் போனேன். ஏழு மாடி அலுவலகக் கட்டடம். பழுது பார்ப்பதற்காக லிஃப்டை நிறுத்தி வைத்திருந்தார்கள். தரைத்தளத்தில் திறந்திருந்த கதவு வழியாக லிஃப்ட் ஓடுகிற கிணற்றுக்குள் தலையை நீட்டி, மேலே பார்த்துக் கத்தினேன்.

"யாருங்க?" என்று மேலேயிருந்து குரல் வந்தது.

"நான்தாங்க. படம் எடுக்கிறவ."

"கேமரா இருக்கா?"

"இல்லைங்க."

"அப்ப படியேறி நாலாவது மாடிக்கு வாங்க."

லிஃப்டின் கூரைமேல் நின்றிருந்தார். எனக்கு ஒரு ஹெல்மெட் கொடுத்து, பக்கத்தில் நிற்க வைத்து, ஒரு பெட்டியிலிருந்த பொத்தானை அழுத்தினார். லிஃப்ட் இறங்கத் தொடங்கியது. சோதனை செய்யும்போது அப்படித்தான் ஓட்டுவார்களாம், எறும்பு ஊர்கிற வேகம். சுவர் ஒவ்வொரு செங்கல்லாக மேலே போயிற்று.

மூன்றுக்கும் இரண்டுக்கும் நடுவில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். டாக்டர் உண்மையில் என்ன சொன்னார், நான் அதை எப்படி மாற்றினேன், எதற்காக மாற்றினேன். அவர் நிறுத்தும் பொத்தானை அழுத்தினார். எவ்வளவு நேரம் நின்றோம் என்று தெரியாது. நீயாக இருந்தால் எண்ணியிருப்பாய்.

"டாக்டர் நினைச்சது தப்பில்லைங்க," என்றார் கடைசியில். "அந்தப் பாட்டுல நான் அவசரப்படுறேன். எனக்கே தெரியும். அதான் நீங்க சொன்னதும் உடனே நம்பிட்டேன்."

"நான் செஞ்சது தப்புங்க."

"ஆமாங்க, தப்புதான்," என்றார். பிறகு காதைச் சாய்த்து, "இதைக் கேளுங்க," என்று மறுபடியும் பொத்தானை அழுத்தினார். எங்கேயோ மெலிதாக ஒரு உரசல். "தினமும் எல்லாரும் இதுல வேகமா போறாங்க, ஒண்ணும் தெரியாது. இந்த ஸ்பீடுல ஓட்டுனாத்தான் எது தேயுதுன்னு காதுக்குக் கேக்கும்." அவர் லிஃப்டைப் பற்றித்தான் பேசினார், தம்பி. எனக்குத்தான் கண் கலங்கியது.

திரும்பி வருவீர்களா என்று கேட்டேன். "யோசிக்கணும்ங்க," என்றார்.

அங்கிருந்து நேராக டாக்டரின் கிளினிக்குக்குப் போனேன். கடைசி நோயாளி போகும்வரை காத்திருந்து சொன்னேன். அவர் கையுறையைக் கழற்றிக்கொண்டே கேட்டார். "நீங்க கிளம்புங்க," என்றார். "கேமராவோட இனிமே அந்தப் பக்கம் வராதீங்க." வலிக்காது என்று சொல்கிற அதே குரலில் சொன்னார். உறுமியிருந்தால் தாங்கியிருப்பேன்.

படம் இப்போது இல்லை. அதிகாரிக்கு இன்னும் சொல்லவில்லை. அறையில் உட்கார்ந்திருக்கிறேன்.

உன் அக்கா

மே 7

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா? நேரத்துக்குச் சாப்பிடு. "சாப்பிடுகிறேன்" என்று நீ எழுதினால் பாதிப் பொய் என்று என் மனைவி சொல்கிறாள், அதனால் இத்துடன் ஒரு டப்பா பிஸ்கட். சின்னது நான்கைந்து எடுத்துக்கொண்டாள், கண்டுகொள்ளாதே.

நானும் ஒன்று சொல்ல வேண்டும். அந்தப் பதினெட்டாம் கார்டை நான் இரண்டு தடவை அடித்தேன். முதல் தடவை முப்பத்து மூன்றாம் பக்கத்தை விட்டுவிட்டு அடித்து, உறையில் போட்டு ஒட்டியும்விட்டேன். பத்தொன்பது வருட வேலையில் ஒரு வரி விட்டதில்லை, என் அக்காவுக்காக ஒரு பக்கமே விட்டேன். கூடத்திலிருந்து வாசல்வரை ஊன்றுகோலோடு அந்த உறையைக் கொண்டுபோனேன். தபால்காரர் கை நீட்டிக்கொண்டு நிற்கிறார், நான் கொடுக்காமல் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். "சார், குடுக்கிறீங்களா, இல்லையா?" என்று கேட்டார். "நாளைக்கு வாங்க," என்று திருப்பி அனுப்பிவிட்டு, உள்ளே வந்து முழுதாக அடித்தேன்.

சரியா தப்பா என்று தெரியாமல்தான் அனுப்பினேன். உன் பதில் வராத நாட்களில், தப்பு என்றே முடிவு செய்துவிட்டேன். அதனால் நீ லிஃப்ட் கூரைமேல் ஏறியதைப் படித்தபோது எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துக்கொள். உனக்கு நாற்காலிமேல் ஏறினாலே தலை சுற்றும்!

படம் போனால் போகட்டும். இங்கே வந்து பத்து நாள் இரு. சின்னது உனக்கு டிரம்ஸ் வாசித்துக் காட்டக் காத்திருக்கிறாள்.

உன் தம்பி

ஜூன் 14

அன்புத் தம்பிக்கு,

நலம், நலம், நலம். பிஸ்கட் தீர்ந்துவிட்டது. முழுக்க நானே தின்றேன் என்று உன் மனைவியிடம் சொல்.

நடந்ததைச் சொல்கிறேன், பாதி எனக்கே பிறர் சொல்லித்தான் தெரியும். நீச்சல் டீச்சர் ஒரு நாள் டாக்டரையும் லிஃப்ட்காரரையும் தனித்தனியாக நீச்சல் குளத்துக்கு வரச் சொல்லியிருக்கிறார். ஒருவர் வருவது மற்றவருக்குத் தெரியாது. வந்ததும் விசிலை ஊதி, "ரெண்டு பேரும் தண்ணியில இறங்குங்க," என்றிருக்கிறார். எண்பது குழந்தைகளை மேய்க்கிற குரல், மறுக்க முடியுமா? இருவரும் கரைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, தவளை மாதிரி காலை உதைக்க வேண்டும். பத்து நிமிடம். நடுவில் நிறுத்தினால் விசில். மூச்சு வாங்கிக்கொண்டே டாக்டர், "களைப்புல சொல்லிட்டேன்டா. உங்கிட்டயே சொல்லியிருக்கணும்," என்றாராம். லிஃப்ட்காரர், "நானே கேட்டிருக்கணும்க்கா. கேமரா முன்னாடி கேட்டேன் பாருங்க," என்றாராம். பிறகு தண்ணீர் மூக்கில் ஏறி இரண்டு பேரும் ஒரே நேரத்தில் இருமி, அதற்குச் சிரித்து, கதை முடிந்தது. இதையெல்லாம் என்னிடம் வந்து சொன்னது யார் தெரியுமா? டாக்டரின் கணவர்! என் அறை வாசலில் நின்று நாற்பது நிமிடம் பேசினார். கடைசியில், "கேமராவை எடுத்துட்டு வாங்க," என்றார்.

டாக்டர் ஒரு நிபந்தனை போட்டார். "எங்க சண்டையைப் போடுங்க, பரவாயில்லை. ஆனா அது எப்படி வந்துச்சுன்னும் போடணும். உங்க குரலோட." நான் சரி என்றேன். அவர் இன்னும் என்னிடம் பழைய மாதிரி பேசுவதில்லை. "வாங்க", "உக்காருங்க", அவ்வளவுதான். அதைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

"கீழ்த்தளம்" போன செவ்வாய்க்கிழமை பதிவாயிற்று. லிஃப்ட்காரர் தொடங்கும்போதே தெரிந்துவிட்டது. ஒரு சுரத்தைத் தட்டிவிட்டு, அது முழுக்க அடங்கும்வரை விரலைத் தூக்கவே இல்லை. நீச்சல் டீச்சர் குச்சியை ஓங்கிக்கொண்டு அவர் முகத்தையே பார்த்துக் காத்திருந்தார், வாழைப்பழமெல்லாம் மறந்துபோயிற்று. டாக்டர் உறுமியபோது மேலே தகரக் கூரையிலிருந்து தூசி கொட்டியது. முடிந்த பிறகும் பதிவை நிறுத்த வேண்டும் என்பது டாக்டரின் கணவருக்கு நினைவே இல்லை. இருபத்தாறு நிமிடம். "நல்லா இருந்துச்சு," என்றார். இன்னொரு தடவை என்று சொல்லவில்லை.

அதிகாரியிடம் முப்பத்து மூன்றாம் பக்கத்தைப் போட்டுக் காட்டினேன். திரையில் படம் இல்லை, கறுப்பு, குரல் மட்டும். மூன்று தடவை திருப்பிப் போடச் சொன்னார். "உங்க பேரு கெட்டுப்போகுமேம்மா," என்றார். "கெடட்டும்ங்க. இது இல்லாம அந்தச் சண்டையும் கிடையாது," என்றேன். மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். "நான் சண்டை கேட்டதும் இதுல வருதா?" என்றார். "உங்க பேரைப் போடலை," என்றேன். ஒப்புக்கொண்டுவிட்டார். ஞாயிற்றுக்கிழமை காலை, குழந்தைகளின் கார்ட்டூன் முடிந்த கையோடு ஒளிபரப்பு. உலக அழிவுக்கு நல்ல நேரம்தான்.

அதற்கு முன்னால் ஜூலை 6 மாலை நான்கு மணிக்கு ஒரு சிறிய அரங்கில் திரையிடுகிறோம். நீ வர வேண்டாம். கால் இப்போதுதான் சேர்ந்திருக்கிறது, ஆறு மணி நேரம் பேருந்தில் உட்கார முடியாது. பிறகு தொலைக்காட்சியில் பார்த்துக்கொள்ளலாம்.

உன் அக்கா

ஜூலை 8

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். ஊர் வந்து சேர்ந்துவிட்டேன். ஆமாம், வந்திருந்தேன். ஆறு மணி நேரம் இல்லை, ஏழு. பேருந்து வழியில் நின்றுவிட்டது. கால் நன்றாகத்தான் இருக்கிறது.

என் கால் காரணமாக வரவேண்டாம் என்று நீ எழுதியதை என் மனைவி ஒரு தடவை படித்துவிட்டு, "உங்க அக்காவுக்கு வெட்கமா இருக்கு, போங்க," என்றாள். உனக்குத் தெரியாமல் கடைசி வரிசையில் உட்கார்ந்துகொண்டேன். நீ குழுவினரோடு மூன்றாம் வரிசையில் இருந்தாய். உன் ஒரு பக்கம் டாக்டர், இன்னொரு பக்கம் லிஃப்ட்காரர். அவர் உயரத்தால் பின்னால் இருந்த இரண்டு பேர் இடம் மாறினார்கள். நான் பேசாமல் பேருந்து பிடித்துத் திரும்பியதற்குக் கோபித்துக்கொள்ளாதே. அன்று உன்னைச் சுற்றி அவ்வளவு பேர் நின்றார்கள், அதில் நான் நுழைந்தால் நீ அழுதிருப்பாய். நானும்.

படம் பிரமாதம். கூட்டம் வாழைப்பழத்துக்குச் சிரித்தது, "கீழ்த்தளம்" முடிந்ததும் எழுந்து நின்றது. அதெல்லாம் நீயே பார்த்தாய். நீ பார்க்காத ஒன்றைச் சொல்கிறேன், ஏனென்றால் அப்போது நீ தலையைக் குனிந்துகொண்டிருந்தாய்.

திரை கறுப்பானது. "கேமரா ஓடலைங்க, சும்மா பேசலாம்" என்று உன் குரல் வந்தது. அரங்கில் ஒரு சத்தம் இல்லை. உன் தோள் இரண்டும் காதுவரை ஏறியிருந்தன. பதினொரு விநாடி மௌனம் வந்தபோது, டாக்டர் திரையைப் பார்க்காமல் உன்னைத் திரும்பிப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு உன் நாற்காலியின் முதுகில் கையை வைத்தார், உன்மேல் படாமல். படம் முடியும்வரை எடுக்கவில்லை.

லிஃப்ட்காரர் என்ன செய்தார் என்பது உனக்கே தெரியும். தன் சோளப்பொரிப் பொட்டலத்தை உன் பக்கம் நீட்டினார். நீ வேண்டாமென்று தலையாட்டினாய். அவர் கையை இழுத்துக்கொள்ளவில்லை. அவருடைய "ரொம்ப நன்றிங்க" திரையில் வந்து போகிறது, அவர் அப்படியே நீட்டிக்கொண்டிருக்கிறார். கடைசியில் நீ ஒன்று எடுத்தாய். ஒன்றே ஒன்று. அந்த நிசப்தத்தில் நீ அதைக் கடித்த சத்தம் கடைசி வரிசைவரை கேட்டது. நீச்சல் டீச்சருக்குச் சிரிப்பு வந்துவிட்டது, பிறகு உனக்கு, பிறகு மூன்றாம் வரிசை முழுவதும் குலுங்கியது.

அங்கே கேமரா எதுவும் ஓடவில்லை. அதனால் ஒரு வார்த்தை விடாமல் எழுதி அனுப்புகிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தம்பி